விலை சொன்னவரே வாங்கலாமா?

அன்புள்ள ஐயா,

திருகோணமலையில் நாங்கள் பதினைந்து பேர் மாதம் ஒருமுறை கூடிப் பழைய நாணயங்களைப் பார்த்தும் மாற்றியும் வருகிறோம். இதை ஒரு கழகமாக்க எண்ணம். வியாபாரிகள் இருவர் தங்களையும் சேர்க்கச் சொல்கிறார்கள். சென்ற கூட்டத்துக்கு ஒரு முதியவர் பிஸ்கட் டப்பா நிறையக் காசு கொண்டுவந்தார். அந்த வியாபாரிகளில் ஒருவர் வாசலிலேயே விலை பேசி டப்பாவோடு வாங்கிக்கொண்டார். நாங்கள் ஒரு காசைக்கூடப் பார்க்கவில்லை. வியாபாரிகளே வேண்டாம் என்று எங்களில் பாதிப்பேர் நிற்கிறார்கள். உங்கள் எண்ணம் என்ன?

உவர்மலையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சேர்த்துக்கொள்ளுங்கள். டப்பா விடயத்தில் எனக்கும் கோபம்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

சேகரிப்பாளர்கள் மட்டும் கூடும் இடத்தில் முதல் ஆறு மாதம் உற்சாகம் இருக்கும். பிறகு என்னிடமிருந்த 1957ஆம் ஆண்டுப் புத்த ஜயந்தி ஒரு ரூபாய் உங்களிடம் வரும், உங்களிடமிருந்து இன்னொருவரிடம் போகும், கடைசியில் என்னிடமே திரும்பிவரும். புதுச் சரக்கு வெளியிலிருந்துதான் வரவேண்டும். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அலைந்து அதைக் கொண்டுவருகிறவர் வியாபாரி. அவருடைய பஸ் காசும் மதியச் சோறும் விலையில் சேர்ந்திருந்தால் அதைக் குறை சொல்வதற்கில்லை.

சரக்கைவிடப் பெரிது அவருடைய கண். இளவயதில் நான் ஒரு சேதுக் காசு வாங்கினேன். ஒரு பக்கம் நிற்கும் அரசன், மறுபக்கம் நந்தி, அதன் கீழே தமிழில் ‘சேது’. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் காசு. விற்றவர் ஊரில் பெயரெடுத்த சேகரிப்பாளர். மூன்று மாதச் சேமிப்பை அவர் கையில் கொடுத்தேன். பிறகு அதைப் பெருமையோடு ஒரு வியாபாரியிடம் நீட்டினேன். அவர் நந்தியைப் பார்க்கவே இல்லை. காசைக் குத்தாக நிறுத்தி, லென்சுக்கு அடியில் விளிம்பை மெல்ல உருட்டினார். சுற்றிவர மயிரிழைபோல ஒரு கோடு ஓடியது. அடுத்து, எழுத்துகளின் ஓரத்தில் ஊசி குத்தியதுபோன்ற பொட்டுகளைக் காட்டினார். உருகிய செம்பு ஆறும்போது காற்றுக் குமிழ்கள் விட்டுப்போன தடம். “தம்பி, இது அடித்த காசு இல்லை, வார்த்த காசு” என்று திருப்பி என் உள்ளங்கையில் வைத்தார். அச்சால் அடித்திருக்க வேண்டியதை வார்ப்பில் ஊற்றிச் செய்த போலி. அதனால் அவருக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. விற்ற சேகரிப்பாளரைக் கேட்டேன். தானும் நம்பித்தான் வாங்கியதாகச் சொன்னார். இருக்கலாம்.

ஆகவே சேகரிப்பாளர் நல்லவர், வியாபாரி கெட்டவர் என்ற கணக்கு எனக்கு ஒத்துவருவதில்லை. இன்று உலகமெங்கும் காசுகளுக்கு 1 முதல் 70 வரை தரம் போடுகிறார்களே, 1949இல் அந்த அளவுகோலைத் தந்தவர் வில்லியம் ஷெல்டன். தொழிலால் உளவியலாளர், ஆசையால் சேகரிப்பாளர். அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் தொகுப்பிலிருந்த நல்ல செப்புக் காசுகளை எடுத்துக்கொண்டு, தம்முடைய தரம் குறைந்தவற்றை அவற்றின் இடத்தில் வைத்துவிட்டார் என்பது அவர் இறந்த பிறகே வெளிச்சத்துக்கு வந்தது. தரம் பிரிக்கத் தெரிந்த கைக்கு அது சுலபம். நம்மையே எடுத்துக்கொள்ளுங்கள்: கையில் மிஞ்சியிருக்கும் ஒரு காசை விற்கும் அந்த ஐந்து நிமிடம் நாமும் வியாபாரிதானே?

இனி அந்த டப்பா. அதில் என்ன இருந்தது என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு பேச்சுக்கு, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் செப்புக் காசு இரண்டு இருந்தன என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் கம்பனிப் பெயரின் சுருக்கமான வி.ஓ.சி. என்ற பின்னல் எழுத்து. (இதை வ.உ.சி. என்று படித்து நெகிழ்ந்துபோன ஒருவரை நான் அறிவேன்.) ஒன்றின் மறுபக்கத்தில் கேடயம் இருந்தால் அது ஒல்லாந்தில் அடித்துக் கப்பலில் வந்தது. ‘துட்டு’ என்ற நம் சொல்லே அந்தக் காசின் பெயரிலிருந்து வந்ததுதான். அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. மற்றது தடித்த, கரடுமுரடான செம்பு. பின்னல் எழுத்துக்கு மேலே தனியாக ஓர் எழுத்து நிற்கும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இலங்கையிலேயே அடித்தவை இவை. ‘ஸி’ என்றால் கொழும்பு, ‘ஜி’ என்றால் காலி, ‘டி’ என்றால் நம்முடைய திருகோணமலை. டப்பா கொண்டுவந்தவருக்கு இரண்டும் பழைய செம்பு. வாசலில் நின்றவருக்கு அந்த ஓர் எழுத்தின் பெறுமதி தெரியும். விலையையும் சொல்லி, அந்த விலைக்குத் தானே வாங்கியும்விட்டால் தராசும் படிக்கல்லும் ஒரே கையில் என்றாகிவிடுகிறது. உங்களை உறுத்தியது இதுதான் என்று நினைக்கிறேன்.

கழகத்தின் விதிகளில் இதை முதலில் எழுதுங்கள்: ஒரு காசுக்கு விலை சொன்னவர் அந்தக் காசை அன்று வாங்கக்கூடாது. வியாபாரிக்கும் தலைவருக்கும் இது பொது. வெளியார் கொண்டுவருவது மேசைக்கு வரட்டும், நாலு பேர் பார்க்கட்டும், உடையவர் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிள்ளைகளிடமும் கேட்டுவிட்டு அடுத்த மாதம் விற்கட்டும். வாசல் பேரம் கூடவே கூடாது. நல்ல வியாபாரி இதற்கு முகம் சுளிக்கமாட்டார். சுளிப்பவர் யார் என்று தெரிந்துகொள்வதும் நல்லது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். யார் வீட்டில் என்ன காசு இருக்கிறது என்ற பட்டியலைக் கழகம் வைத்திருக்கவே வேண்டாம். வைத்தே தீருவோம் என்றால், வாங்கி விற்பவர் கையில் அந்தக் கொப்பி போகக்கூடாது. செயலாளர் பதவிக்கு நான் வியாபாரியை நிறுத்தமாட்டேன். வாக்குரிமை கொடுக்கலாம், தேநீரும் கொடுக்கலாம்.

மண்ணோடு வரும் காசைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்து வயல்களிலும் கடற்கரையிலும் பழங்காசு கிடைக்காமல் இல்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, மண்ணிலிருந்து வெளிப்படும் தொல்பொருள் அரசுக்கு உரியது; அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகவும் முடியாது. எங்கே கிடைத்தது என்று கேட்டால் மழுப்புகிற சரக்கு உங்கள் மேசைக்கு வந்தால் கழகத்தின் பெயரும் சேர்ந்து கெடும்.

அந்த முதியவரைத் தெரிந்தால் அடுத்த கூட்டத்துக்கும் அழையுங்கள். வீட்டில் இன்னொரு டப்பா இருக்கக்கூடும். நாளைச் சொன்னால் நானும் வருகிறேன். என்னுடைய வார்ப்பு நந்தி இன்னும் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது. அதைப் புதியவர்கள் கையில் கொடுத்து, விளிம்பை உருட்டிப் பார்க்கச் சொல்லலாம்.