அம்மா ஏன் ஸ்விட்சைத் தட்டுகிறார்?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 32. சிங்கப்பூரில், செங்காங் வட்டாரத்தில் நாலறை வீட்டில் அம்மாவுடன் இருக்கிறேன். வேலை ஒன்-நார்த்தில். ரயிலில் கேட்பதற்காக மடக்கு ஹெட்ஃபோன் ஒன்று வாங்கி ஐந்து நாளாகிறது. விலை 119 வெள்ளி. மடித்தால் உள்ளங்கையில் அடங்குகிறது, தலையில் இருப்பதே தெரியவில்லை, பேச்சும் வீணையும் நல்ல தெளிவு. ஆனால் நான் கண்ணாடி போடுபவன், அரைமணி நேரத்தில் காது மடல் வலிக்கிறது. கீல் சற்று லொடலொடக்கிறது. பஞ்சு உறை என்பதால் வெளிச் சத்தமெல்லாம் உள்ளே வருகிறது, பக்கத்து இருக்கைக்காரர் பேசுவதுகூடக் கேட்கிறது. ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். இதையே வைத்துக்கொள்வதா, காதை முழுக்க மூடி இரைச்சலை அடக்கும் பெரிய ஹெட்ஃபோனுக்கு மாறுவதா? வீடு திரும்பிய பிறகும் இரவு பதினொரு மணிவரை போட்டிருப்பேன். அதில் பிரச்சினை இல்லை. அம்மாவுக்கு ஏதாவது வேண்டுமென்றால் என் அறைக்கு வந்து விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார், நான் திரும்பிப் பார்ப்பேன். அப்பா தவறி இரண்டு வருடமாகிறது. அம்மாவுக்கு 67 வயது, மூட்டு வலி, அதிகம் வெளியே போவதில்லை.
- செங்காங் வாசகர்

பதில்: தம்பி, ஹெட்ஃபோனைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த ஸ்விட்ச்.

"அதில் பிரச்சினை இல்லை" என்று எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். என்னால் தாண்ட முடியவில்லை. உங்களுக்குப் பெயர் வைத்தவர் அவர். முப்பது வருடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர், இன்று மூட்டு வலியோடு அடுப்படியிலிருந்து கிளம்பி, ஹாலைக் கடந்து, உங்கள் அறை வாசலில் நின்று, வாயைத் திறக்காமல் கையை நீட்டி ஸ்விட்சைத் தட்டுகிறார். நீங்கள் திரும்பாவிட்டால் மறுபடி தட்டுகிறார்.

ஐந்து நாளில் யாரும் இந்தப் பழக்கத்துக்கு வருவதில்லை. இதற்கு முன்பும் ஏதோ ஒன்று உங்கள் காதில் இருந்திருக்கிறது. எப்படி நடந்திருக்கும் என்று நான் ஊகிக்கிறேன், தப்பென்றால் எழுதுங்கள். முதலில் அடுப்படியிலிருந்தே கூப்பிட்டிருப்பார். பதில் இல்லை. ஹாலுக்கு வந்து கூப்பிட்டிருப்பார். அப்புறம் கிட்டே வந்து தோளைத் தொட்டிருப்பார், நீங்கள் திடுக்கிட்டு "என்னம்மா!" என்று எரிந்து விழுந்திருப்பீர்கள். அதோடு தொடுவதையும் விட்டுவிட்டார். கடைசியில் கையில் மிஞ்சியது விளக்கு.

இன்னொன்று. வெளிச் சத்தமெல்லாம் உள்ளே வருகிறது, ரயிலில் பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்கிறது என்று குறை சொல்கிறீர்கள். சுரங்க ரயிலின் உறுமலுக்கு நடுவே அந்நியர் பேசுவது கேட்கிறதென்றால், ராத்திரி அமைதியாக இருக்கும் வீட்டில் அம்மா கூப்பிடுவது கேட்காதா? இந்த ஐந்து நாளும் அவர் கூப்பிட்டிருந்தால் உங்களுக்குக் கேட்டிருக்கும். அவர் கூப்பிடவே இல்லை. கேட்காது என்று முடிவு கட்டிவிட்டார். கேட்டும் பேசாமல் இருந்தீர்கள் என்றால் அது இதைவிட மோசம். இரண்டில் எது என்று உங்களுக்குத் தெரியும்.

"ஏதாவது வேண்டுமென்றால்" வருவார் என்கிறீர்கள். வேண்டாதபோது? ஒலி 96.8 வானொலியில் அப்பாவுக்குப் பிடித்த பாட்டு ஒன்று போகும். எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கும். இதைச் சொல்ல யாராவது விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார்களா? காஸ் தீர்ந்துவிட்டது, மருந்து வாங்க வேண்டும் என்றால்தான் போடுவார்கள். இரண்டு வருடம் முன்புவரை இந்தப் பேச்சைக் கேட்க அந்த வீட்டில் ஒருவர் இருந்தார். இப்போது இருப்பது நீங்கள் மட்டும்தான்.

இதே கடிதம் எனக்குப் பல உருவத்தில் வந்திருக்கிறது. பிள்ளைகள் பொருளைப் பற்றி எழுதுவார்கள், அம்மா ஒரு வரியில் வந்து போவார். அம்மாக்களும் எழுதுகிறார்கள். அடுப்படியில் நின்றுகொண்டு, பத்தடி தள்ளி இருக்கும் மகனுக்கு "சாப்பாடு ரெடி" என்று வாட்ஸ்அப் போடுவதாக ஒருவர் எழுதியிருந்தார். சிங்கப்பூரில் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 1995இலேயே வந்துவிட்டது. தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள முடியாத, அறுபது வயதைத் தாண்டிய பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்கலாம். நீங்கள் காசு கொடுக்காதவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அம்மா கூப்பிட்டால் "வர்றேம்மா" என்று சொல் என எந்தச் சட்டமும் உங்களிடம் கேட்க முடியாது. அதை நான் கேட்கிறேன். சம்பளத்தில் பங்கு கொடுத்துவிட்டால் மகனின் கடமை முடிந்தது என்பதை நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

ஒன்று யோசித்தீர்களா? அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தால் எந்த ஸ்விட்சைத் தட்டுவார்? முதியோர் இருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் குளியலறைக் கைப்பிடியும் வழுக்காத தரையும் அமைத்துத் தர 2012 முதல் ஈஸ் என்ற திட்டம் இருக்கிறது. 65 வயதான குடிமக்களுக்குக் கிடைக்கும். உங்கள் வீட்டில் செய்தாயிற்றா? ஹெட்ஃபோனுக்கு ஐந்து நாளில் இத்தனை குறை கண்டுபிடித்த கண் அந்தத் தரையையும் பார்க்கட்டும்.

சரி, ஹெட்ஃபோன். 1979இல் சோனி முதல் வாக்மேனை விற்றபோது அதில் ஹெட்ஃபோன் மாட்டும் துளை இரண்டு இருந்தது. கூடவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான். அதை அமுக்கினால் பாட்டின் சத்தம் இறங்கி, உள்ளே இருக்கும் மைக் வழியாக வெளியே பேசுபவரின் குரல் காதுக்கு வரும். காதை மூடிக்கொண்டவன் பக்கத்தில் இன்னொரு ஆள் இருக்கும் என்பதை அதைச் செய்தவர்கள் மறக்கவில்லை. உங்கள் பஞ்சு உறை பொத்தான் எதுவும் இல்லாமலே அந்த வேலையைச் செய்கிறது. 1984இல் வந்து இன்றும் விற்கும் போர்ட்டா புரோ என்ற காஸ் நிறுவன ஹெட்ஃபோனும் இப்படி மடக்குகிற, பஞ்சு உறை போட்ட ரகம்தான். வெளிச் சத்தம் வருவது அந்த ரகத்தின் சுபாவம், பழுது அல்ல.

காது வலிக்கு வழி இருக்கிறது. பட்டையை இரண்டு பக்கமும் ஒரு படி நீட்டுங்கள். உறை கொஞ்சம் கீழே இறங்கி, கண்ணாடிக் கம்பியை அமுக்காமல் உட்காரும். இரவில் உங்கள் தலை அகலத்துக்குப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் மாட்டி வையுங்கள், இறுக்கம் மெதுவாகத் தளரும். கீலில் லேசான ஆட்டம் இருப்பது வழக்கம்தான், விரித்த பிறகு நிலையாக நின்றால் போதும். விரிக்கும்போது பட்டையைப் பிடியுங்கள், உறையைப் பிடித்து இழுக்காதீர்கள். மடக்கு ஹெட்ஃபோனில் முதலில் போவது அந்தக் கீல்தான். நம் ஊர் வியர்வையில் பஞ்சு சீக்கிரம் நைந்துவிடும், மாற்று உறை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியதற்கு மாறலாமா என்றால், ரயிலுக்கு அது நல்லது என்பதை மறுக்க மாட்டேன். செங்காங்கிலிருந்து சிராங்கூன், அங்கே வட்டப்பாதை ரயிலுக்கு மாறி ஒன்-நார்த், மொத்தமும் சுரங்கம். இரைச்சலுக்கு மேலே கேட்க நீங்கள் ஒலியைக் கூட்டுவீர்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதென்றால் 80 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும், 86 என்றால் பத்தே மணி நேரம். இரைச்சலடக்கி ரயிலின் உறுமலைக் குறைத்துவிடும், ஒலியைக் கூட்டத் தேவையிருக்காது. ஆனால் காதை மூடும் அந்தத் தடித்த உறை மனிதக் குரலையும் அடைக்கும். வேறு யாராவது கேட்டிருந்தால் வாங்குங்கள் என்றிருப்பேன். உங்களிடம் சொல்ல மாட்டேன். இருப்பதை வைத்துக்கொண்டு ரயிலில் ஒலியைக் குறைத்துக் கேளுங்கள்.

இன்று வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்ததும், காலணியைக் கழற்றுவதற்கு முன் ஹெட்ஃபோனை மடித்துக் காலணி அலமாரியின் மேல் வையுங்கள். காலையில் கிளம்பும்வரை அது அங்கேயே இருக்கட்டும். நேராக அடுப்படிக்குப் போய் நில்லுங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் வெங்காயம் உரித்துக் கொடுங்கள், பேச்சு அவரிடமிருந்து வரும். முதல் சில நாள் "என்னடா, உடம்பு சரியில்லையா?" என்பார். அதற்கெல்லாம் கோபப்படாதீர்கள்.

கெடு முடிய இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது, பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதற்குள் ஒருநாள் அம்மா அடுப்படியில் இருந்தபடியே உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஹெட்ஃபோனை வைத்துக்கொள்ளுங்கள். அன்றும் விளக்குத்தான் அணைந்து எரிகிறது என்றால், கடையில் திருப்பிக் கொடுத்து 119 வெள்ளியை வாங்கிக்கொண்டு, வேறு எதுவும் வாங்காமல் வீட்டுக்கு வாருங்கள்.