செயலியை நீக்கினால் மட்டும் போதாது

வணக்கம் நண்பரே. போச்சம்பள்ளியில் இருக்கும் உங்கள் அப்பா, வாட்ஸ்அப்பில் வந்த 'பி.எம். கிசான்' செயலியை நிறுவியதிலிருந்து வங்கிக் குறுஞ்செய்திகள் வருவதில்லை, பணம் இன்னும் போகவில்லை, செயலியை நீக்கினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது.

இத்தகைய ஏபிகே கோப்புகள் (ஆண்ட்ராய்டு செல்பேசியில் செயலியை நேரடியாக நிறுவும் கோப்புகள்) குறுஞ்செய்தி படிக்கும் அனுமதியை வாங்கிக்கொண்டு, ஓடிபியை மோசடிக்காரனுக்குக் கடத்துகின்றன. சில, திரையில் தெரியும் அடையாளப் படத்தை (ஐகான்) மறைத்துக்கொண்டு உள்ளேயே இருக்கும். எனவே இப்போதே இணையத்தைத் துண்டித்து, சிம்மைக் கழற்றி வேறு செல்பேசியில் போடுங்கள். அதிலிருந்து ##002# அழுத்தினால் அழைப்புத் திருப்பல், அதாவது உங்கள் அப்பாவுக்கு வரும் அழைப்புகள் வேறு எண்ணுக்குப் போவது, ரத்தாகும். அடுத்து வங்கியை அழைத்து யுபிஐயையும் இணைய வங்கிச் சேவையையும் முடக்கச் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் மிக முக்கியம்: தெரிவித்த பிறகு நடக்கும் மோசடிக்கு வங்கியே பொறுப்பு என்பது ரிசர்வ் வங்கி 2017இல் வகுத்த விதி. கடவுச்சொற்களையும் பின் எண்களையும் வேறு கருவியிலிருந்தே மாற்றுங்கள்.

வாட்ஸ்அப் செய்தியைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, புகைப்படங்களை மட்டும் நகலெடுத்து, செயலி நிறுவப்பட்ட செல்பேசியை ஆரம்ப நிலைக்கு மீட்டமையுங்கள் (ஃபேக்டரி ரீசெட்). பணம் போனது தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தடுக்க அதுவே வழி.

அப்பாவைத் தயவுசெய்து திட்டாதீர்கள். பி.எம். கிசான் திட்டத்தில் வரும் ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற விவசாயியின் பயத்தைக் குறிவைத்தே இதை அனுப்புகிறார்கள். திட்டினால் அடுத்தமுறை உங்களிடம் சொல்லவே மாட்டார். இ-கேஒய்சி (மின்னணு அடையாளச் சரிபார்ப்பு) வேலை பாக்கியிருந்தால் பொதுச் சேவை மையத்திலேயே முடித்துக்கொள்ளலாம்.