ஸ்டுட்கார்ட் வரும் தம்பிக்கு, ஒழுக்கம் பற்றி

தம்பி, ஜெர்மனிக்கு வருவதற்கு முன் நீங்கள் கேட்டு எழுதிய ஐந்து கேள்விகளையும் படித்தேன். வீட்டு வாடகை, ஓட்டுநர் உரிமம், மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்பதையெல்லாம் உங்கள் கம்பெனியில் இங்கே ஏற்கெனவே இருப்பவர்களிடம் கேளுங்கள். நான் வந்த காலக் கணக்கு உங்களுக்கு உதவாது. பொன்னி அரிசி கிடைக்கும், கருவேப்பிலையும் கிடைக்கும்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் ஐந்தாவது கேள்விக்காக. கிறிஸ்தவ நாடு என்று நம்பி வருகிறோம், ஆனால் கோயிலெல்லாம் காலியாம், கல்யாணம் கட்டாமலே குடும்பம் நடத்துகிறார்களாம், சவுனா என்னும் வெப்பக் குளியல் அறையில் ஆணும் பெண்ணும் துணியில்லாமல் உட்காருகிறார்களாம், நாலு வயது மகளை அங்கே எப்படி ஒழுக்கமாக வளர்ப்பது என்று மாமியார் அழுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் என்றும் எழுதியிருந்தீர்கள். நானும் அந்தப் பக்கம்தான். என் தாத்தா உபதேசியார், சபையில் வேதம் சொல்லிக்கொடுப்பவர்.

1999 அக்டோபரில் இங்கே வந்தேன். ஸ்டுட்கார்ட்டின் பாட் கான்ஸ்டாட் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. வந்த இரண்டாவது ஞாயிறு, அம்மா கொடுத்துவிட்ட வாக்குத்தத்த வசனப் படத்தைச் சுவரில் மாட்ட நினைத்தேன். ஜெபம் பண்ணிவிட்டு, பக்கத்து அறைப் பையனிடம் ட்ரில் மெஷின் இரவல் வாங்கி, மத்தியானம் இரண்டு மணிக்குச் சுவரில் துளை போட்டேன். முதல் துளை முடிவதற்குள் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு அம்மா. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சத்தம் போடவில்லை. என் கையில் இருந்த மெஷினைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், "இன்று ஞாயிற்றுக்கிழமை" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

எனக்கு அப்போது வந்தது கோபம்தான். அந்த அம்மா கோயிலுக்குப் போய் முப்பது வருடம் ஆகிறது என்று பிறகு தெரிந்தபோது கோபம் இன்னும் கூடியது. ஓய்வுநாள் என்றால் என்ன என்று உபதேசியார் பேரனுக்கு இவர் சொல்லித் தருவதா? எங்கள் தாத்தா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகக்கூடாது, விளையாடக்கூடாது, குழம்பைக்கூடச் சனிக்கிழமையே வைத்துவிடுவார்கள். யோசித்துப் பார்த்தால் நான்தான் அதை விட்டிருந்தேன். கோயிலைவிட்டுப் போன அந்த அம்மா அதை விடவில்லை.

இது அவருடைய தனிப்பட்ட பிடிவாதம் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. ஞாயிறும் பண்டிகை நாட்களும் ஓய்வுக்கும் மன உயர்வுக்குமான நாட்கள் என்று 1919 வைமார் அரசியல் சட்டத்தில் எழுதினார்கள். 1949-இன் புதிய அரசியல் சட்டத்திலும் அந்த வரியை அப்படியே சேர்த்துக்கொண்டார்கள். பெர்லினில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்கலாம் என்று அரசு சொன்னபோது, திருச்சபைகள் வழக்குப் போட்டன. 2009-இல் நாட்டின் அரசியல் சட்ட நீதிமன்றம் திருச்சபைகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பெரிய வெள்ளியன்று இன்றும் பொது இடங்களில் நடனத்துக்குத் தடை உண்டு. இத்தனைக்கும் 2022-இல் கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் என்ற இரண்டு பெரிய திருச்சபைகளையும் சேர்த்து உறுப்பினர்கள் நாட்டில் பாதிக்கும் கீழே போய்விட்டார்கள். நம்பிக்கை குறைந்தும் அது போட்டுவைத்த பழக்கம் போகவில்லை. காலியான கோயிலைப் பார்த்து இவர்களுக்கு ஒழுக்கம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்த அம்மாவேதான் எனக்குப் படிக்கட்டுப் பெருக்கவும் கற்றுக்கொடுத்தார். நீங்கள் வாடகைக்குப் போகும் வீட்டில் ஒரு வாரம் உங்கள் கதவுப் பிடியில் ஒரு பலகை தொங்கும். கேர்வோகே என்று எழுதியிருக்கும். அந்த வாரம் படிக்கட்டும் வாசலும் உங்கள் பொறுப்பு என்று அர்த்தம். ஊரைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்று 1492-இல் எபர்ஹார்ட் பிரபு போட்ட உத்தரவிலிருந்து வரும் வழக்கம். 1988-இல் நகராட்சி அதைக் கட்டாயப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆனாலும் வாடகை ஒப்பந்தங்களில் இன்னும் இருக்கிறது. நான் முதல் முறை சும்மா விளக்குமாறால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போய்விட்டேன். அவர் கூப்பிட்டார். கைப்பிடிக் கம்பியின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டி, கறுப்பாக இருந்த விரல் நுனியைக் காட்டினார். பிறகு ஒரு பழைய பல்துலக்கும் பிரஷை எடுத்து வந்து, அந்த வயதில் மண்டியிட்டு, படியின் மூலையை எப்படித் தேய்ப்பது என்று செய்து காட்டினார். நம் ஊரில் படிக்கட்டைப் பெருக்க வேறு ஆள் வருவார், அவர் யார் வீட்டு ஆள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். இங்கே நானும் பெருக்கினேன், இரண்டாம் மாடி டாக்டரும் பெருக்கினார். எனக்குள் இருந்த ஏதோ ஒன்று அந்தப் படிக்கட்டில்தான் உடைந்தது.

தாத்தா நல்ல மனிதர். ஆனால் ஒரே பாத்திரத்தில் நற்கருணை எடுத்த சபையில், சம்பந்தம் பேசும்போது மட்டும் யார் என்ன ஆட்கள் என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் விட்டார். வேதம் அதைச் சொல்லவில்லை, ஊர் சொன்னது. ஊர் சொன்னதை வேதம் சொன்னதாகவே நானும் நம்பி வளர்ந்தேன். உங்கள் மாமியாரின் அழுகையிலும் எது விசுவாசம், எது ஊர்வாய்க்குப் பயம் என்று பிரித்துப் பாருங்கள்.

கல்யாணம் கட்டாமல் வாழ்வதைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், வாழ்கிறார்கள். இந்த நாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தை அப்படித்தான் பிறக்கிறது. ஆனால் இது ஆதியிலிருந்தே இப்படி என்று நினைக்காதீர்கள். ஸ்டுட்கார்ட் இருக்கும் இந்த வுர்ட்டம்பெர்க், பயட்டிசம் என்னும் புராட்டஸ்டண்ட் பக்தி இயக்கத்தின் ஊர். சீட்டு, நடனம், நாடகம் எல்லாம் பாவம் என்று வாழ்ந்தவர்கள். கீழ்வீட்டு அம்மாவின் அப்பா அந்த வழியில் வந்தவராம், பெல்ட்டால் அடிப்பாராம். அறுபதுகளில் அந்த அம்மாவும் அவர் காதலித்தவரும் வீடு தேடி அலைந்தபோது ஒருவரும் கொடுக்கவில்லை. மணமாகாத ஜோடிக்கு அறை கொடுத்தால் வீட்டுக்காரர் மேலேயே வழக்கு வரக்கூடிய காலம். அந்தச் சட்டம் முழுதாகப் போனது 1973-இல். வீட்டு வேலை மனைவியின் கடமை, அது கெடாத வரைதான் அவள் வேலைக்குப் போகலாம் என்று 1977 வரை சட்டத்தில் இருந்தது. பிளம்ஸ் கேக் வெட்டிக்கொண்டே இதைச் சொன்ன அம்மா, "அதை எல்லாம் ஒழுக்கம் என்றுதான் அன்றைக்குச் சொன்னார்கள்" என்றார். நம் பாட்டிமார் கதையாகவே கேட்டது எனக்கு.

சவுனா விஷயம் சின்னது. உங்களை யாரும் இழுத்துக்கொண்டு போக மாட்டார்கள். போனால், துணியோடு உள்ளே உட்காருவதுதான் அங்கே அசுத்தம், உற்றுப் பார்ப்பதுதான் அசிங்கம். எனக்கு விருப்பமில்லை, நான் போவதில்லை, அதற்காக என்னை யாரும் குறைவாக நினைத்ததும் இல்லை.

இனி நீங்கள் உண்மையிலேயே கவனிக்க வேண்டியது. மகளை அடிக்காதீர்கள். பிள்ளைகளுக்கு வன்முறையில்லாத வளர்ப்பு உரிமை என்று 2000-இல் இங்கே சட்டம் வந்துவிட்டது. அடியாத மாடு படியாது என்று வளர்ந்தவன் நான். 2006-இல் என் மகளுக்கு ஆறு வயது முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆறு வயதுவரை டிராமில் டிக்கெட் வேண்டாம். யாராவது கேட்டால் ஐந்து என்று சொல் என்று பழக்கி வைத்திருந்தேன். திருநெல்வேலி பஸ்ஸில் என் அப்பா எனக்குச் சொன்னதும் அதுதானே. பரிசோதகர் வந்தார், சிரித்துக்கொண்டே வயதைக் கேட்டார். மகள் நிமிர்ந்து, "ஆறு" என்றாள். அவர் அபராதம் போடவில்லை, டிக்கெட் வாங்கச் சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வந்ததும் அவளை அறைந்தேன். உண்மை சொன்னதற்காக.

மறுநாள் அவள் கிண்டர்கார்டனில் அதை அப்படியே சொல்லியிருக்கிறாள். அது சபை நடத்தும் கிண்டர்கார்டன். ஆசிரியை என்னை உட்கார வைத்து, சட்டம் என்ன என்பதை முதலில் சொன்னார். அப்புறம், "நாளைக்கு அவள் பயந்துபோய் எதையாவது உங்களிடம் மறைத்தால் நீங்கள் அதை எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?" என்று கேட்டார். பதில் இல்லை. அன்று சாயங்காலம் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் குடும்பத்தில் ஒரு அப்பா பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன்.

அதனால்தான் இங்கே நம் ஆட்கள் சிலர் கூடிப் பேசும் பேச்சு எனக்குத் தாங்கவில்லை. ஸ்டாட்பான் என்னும் நகர ரயிலில் தடுப்புக் கதவு கிடையாது, உங்களை நம்பித்தான் விட்டிருக்கிறார்கள். அதில் டிக்கெட் இல்லாமல் போவதைச் சாமர்த்தியமாகச் சொல்லிக்கொண்டு, அடுத்த மூச்சில் இவர்களுக்குக் கலாச்சாரமே கிடையாது, மகள் கையில்லாத சட்டை போடக்கூடாது என்பார்கள். ஒழுக்கம் முழுவதையும் பெண்பிள்ளையின் உடம்பில் ஏற்றிவைத்துவிட்டுத் தாங்கள் கைவீசி நடக்கிறார்கள். ஊரைப் பற்றி இளப்பமாகப் பேசி, தமிழே தெரியாத மாதிரி நடிக்கும் இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்களிடமும் ஒட்டாதீர்கள். எண்பதுகளில் அகதிகளாக வந்து உணவகங்களில் பாத்திரம் கழுவி, ஹாம் நகரில் காமாட்சி அம்பாளுக்குக் கோபுரம் எழுப்பி, வாரக்கடைசியில் தமிழ்ப் பள்ளி நடத்தும் ஈழத்து ஆட்களைப் போய்ப் பாருங்கள். என் மகள் தமிழ் எழுதுவது அவர்களால்தான்.

இன்னொன்று, வரி. குடிவந்து இரண்டு வாரத்துக்குள் பதிவு செய்யும்போது படிவத்தில் மதம் கேட்பார்கள். எவாங்கெலிஷ், அதாவது புராட்டஸ்டண்ட், என்று எழுதினால் வருமான வரியில் 8 சதவீதம் திருச்சபை வரியாகச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். தெரிந்து எழுதுங்கள். நான் கட்டுகிறேன், மனதாரக் கட்டுகிறேன். மதம் இல்லை என்று எழுதிவிட்டு ஞானஸ்நானத்துக்கும் கல்யாணப் போட்டோவுக்கும் மட்டும் கோயில் கேட்டு வருபவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

தரங்கம்பாடிக்கு 1706-இல் போன மிஷனரி சீகன்பால்கு இந்த நாட்டுக்காரர். ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்திலிருந்து போனவர். போய் இரண்டு வருடத்தில் கொன்றை வேந்தனையும் உலக நீதியையும் நீதி வெண்பாவையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். தன் மதம் இல்லாதவர்களிடம் இவ்வளவு நீதியா என்று அவர் வியந்திருக்க வேண்டும். நம் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதி அனுப்பிய புத்தகத்தை ஹாலேயில் அச்சிடவில்லை, 1867-இல்தான் அது வெளிவந்தது. நம் பக்கத்து டோனாவூருக்கும் பெயர் ஒரு பிரஷ்யப் பிரபுவிடமிருந்துதான் வந்தது. அங்கிருந்து இங்கே வந்து, கோயிலுக்குப் போகாத ஒரு அம்மாவிடம் நான் ஞாயிற்றுக்கிழமையைத் திரும்ப வாங்கினேன். 2014-இல் அவர் இறந்தபோது, திருச்சபையை விட்டு விலகியவர் என்பதால் குருவானவர் வரவில்லை. அடக்கத்தில் காசு வாங்கிக்கொண்டு பேசும் ஒருவர் பத்து நிமிடம் பேசினார். கல்லறையில் நான் சத்தம் வராமல் ஒரு கீர்த்தனை பாடினேன். பக்கத்தில் நின்ற என் மகளும் சேர்ந்து பாடினாள்.

மாமியாரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். கிண்டர்கார்டனுக்கு இப்போதே பெயர் கொடுத்து வையுங்கள், இடம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். வந்ததும் படம் ஏதாவது மாட்ட வேண்டியிருந்தால் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் மாட்டிவிடுங்கள். ட்ரில் மெஷின் என்னிடம் இருக்கிறது, கொண்டு வருகிறேன்.