மேடை நாடகத்திலிருந்து வந்த பழைய படங்களில், கணவன் மனைவி துரோகத்தைச் சொன்னதில் உங்களுக்குப் பிடித்தது எது?

என் ஓட்டு 1929இல் வந்த 'தி லெட்டர்' படத்துக்கு. ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் தன் சிறுகதையையே 1927இல் லண்டன் மேடைக்கு நாடகமாக்கினார். இரண்டே வருஷத்தில் அது பேசும் படமாகிவிட்டது.

கதை மலாயா ரப்பர் தோட்டத்தில் நடக்கிறது. (ரப்பர் தோட்டம் என்றால் நமக்குப் பால்மரம் வெட்டிய நம் சனங்கள் ஞாபகம் வரும். மாமுக்கு பங்களா வராந்தாவுக்கு அப்பால் அக்கறை இல்லை.) துரை ஊரில் இல்லாத இரவில் துரைசானி லெஸ்லி ஒருவனைச் சுட்டுக் கொல்கிறாள். "என்னைக் கெடுக்க வந்தான், சுட்டேன்" என்கிறாள். எல்லாரும் நம்புகிறார்கள். ஆனால் அன்றைக்கு அவனை வரச்சொல்லி அவளே எழுதிய கடிதம், அவனுடைய சீனக் காதலியின் கையில் இருக்கிறது.

இது முழுக்கக் கற்பனையும் இல்லை. 1911இல் கோலாலம்பூரில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் வீட்டு வராந்தாவில் ஒருவனைச் சுட்டாள். தூக்குத் தண்டனை விதித்தார்கள்; சிலாங்கூர் சுல்தான் மன்னித்து விடுவித்தார்.

படமாகப் பார்த்தால் கேமரா பல இடங்களில் ஆணி அடித்ததுபோல் நிற்கும். அதைப் பொறுத்துக்கொண்டு கடைசிவரை உட்காருங்கள். வழக்கில் தப்பித்த லெஸ்லி, தான் கொன்றவனைத்தான் இன்னமும் காதலிப்பதாகக் கணவன் முகத்துக்கு நேரே கத்துகிறாள். லெஸ்லியாக வரும் ஜீன் ஈகல்ஸ் அந்த இடத்தில் நடிப்பதுபோலவே தெரியாது. அதே வருஷம் அக்டோபரில் அவர் இறந்துபோனார். கணவன் அவளை அடிக்கவில்லை, விலக்கவும் இல்லை. அதே தோட்டத்திலேயே கிட என்று விட்டுவிடுகிறான்.

1940இல் வில்லியம் வைலர் இதையே பெட்டி டேவிஸை வைத்து மறுபடி எடுத்தார். நேர்த்தியில் அதுதான் ஒசத்தி. மரத்திலிருந்து பால் சொட்டும் அமைதியில் வெடிச்சத்தம் கேட்கும் அந்த முதல் காட்சி ஒன்றே போதும். ஆனால் அதற்குள் ஹாலிவுட் தணிக்கை விதிகள் இறுகிவிட்டன. செத்தவனின் காதலியை அவனுக்குச் சட்டப்படி மனைவியாக்கினார்கள். கொலைகாரி தண்டனை இல்லாமல் போகக்கூடாதென்று லெஸ்லியைக் கத்திக்கு இரையாக்கினார்கள். எனக்கென்னவோ செத்துப்போவது அவளுக்குச் சுலபமான வழியாகவே படுகிறது.

முடிந்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முதல் படத்தில் சுடப்பட்டு விழும் கள்ளக்காதலன் ஹெர்பர்ட் மார்ஷல். இரண்டாவதில் ஏமாந்துபோன புருஷனும் அவரேதான்!