முதுகுப் பலகை

அன்புள்ள ஐயா,

என் சொந்த ஊர் பள்ளிகொண்டா, வேலை பெங்களூரில். அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். போன மாதம் அவருக்கு வாட்ஸப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஏபிகே கோப்பு, அதாவது போனில் செயலியை நிறுவுகிற கோப்பு, வந்தது. தொட்டுவிட்டார். மறுநாள் காலைக்குள் கணக்கில் இருந்த 42,000 ரூபாய் போய்விட்டது. ஆண்ட்ராய்டு திறந்து கிடப்பதுதான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஐபோன் நம் வேலூர்க் கோட்டை மாதிரி, ஒரே வாசல், சுற்றிலும் அகழி. ஆண்ட்ராய்டு லாங்கு பஜார் மாதிரி, எந்தச் சந்திலிருந்தும் எவனும் வரலாம். விவரம் தெரிந்தவர்கள் திறந்ததை வைத்துக்கொள்ளட்டும், அம்மா மாதிரி ஆட்களுக்குப் பூட்டியதுதான் நல்லது. இஎம்ஐயில் ஒரு ஐபோன் வாங்கிக் கொடுத்துவிடவா? ஐபோன் இப்போது நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே தயாராகிறது என்பதில் ஒரு பெருமையும் உண்டு. கோபத்தில் அம்மாவைக் கொஞ்சம் அதிகமாகத் திட்டிவிட்டேன்.

க., பெங்களூர்

அன்புள்ள க.,

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். கொஞ்சம் அதிகமாக என்றால் எவ்வளவு? நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் போனில் அரை மணி நேரம் கத்தியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. திருடியவன் கண்ணுக்குத் தெரிய மாட்டான், பறிகொடுத்தவர் எதிரில் இருப்பார், ஆகவே அவரைத் திட்டுவது என்பது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். 42,000 ரூபாய் சின்னப் பணம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அந்த நேரத்தில் கத்துவதற்குப் பதில் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழைத்தீர்களா? முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. கடிதத்தில் அதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோட்டை, அகழி எல்லாம் இருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. அந்தக் கோப்பு தானாகப் போனுக்குள் ஏறிக்கொள்ளாது. வாட்ஸப்பிலிருந்து செயலி நிறுவலாமா என்று போன் கேட்கும். 2017இல் ஆண்ட்ராய்டு 8 வந்ததிலிருந்து இந்த அனுமதியை ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். அதைத் தாண்டினால் எஸ்எம்எஸ் படிக்கலாமா என்று கேட்கும், ஓடிபி போன வழி அதுதான். ஆக, உங்கள் அம்மாவின் போன் இரண்டு மூன்று தடவையாவது நின்று கேட்டிருக்கிறது. எந்த மொழியில் கேட்டது? இங்கிலீஷில் என்பது என் ஊகம். கடையில் வாங்கிய அன்றைக்கு மொழியை மாற்றாமல் அப்படியே கையில் கொடுத்திருப்பீர்கள். என் அக்காவுக்கு வாங்கித் தந்தபோது நானும் அதைத்தான் செய்தேன், இத்தனைக்கும் தமிழ் தமிழ் என்று முப்பது வருஷமாக எழுதிக்கொண்டிருப்பவன். அக்கா எந்தப் பெட்டி வந்தாலும் வலது பக்கம் இருப்பதைத் தொடுவாள். ஏன் என்று கேட்டால், "அதத் தொட்டாதான்டா அடுத்தது வருது" என்றாள். உங்கள் அம்மாவும் அப்படித்தான் தொட்டிருப்பார். வாசலில் காவல்காரன் நின்றுகொண்டு போகாதே என்று ஜெர்மன் மொழியில் சொன்னால் உள்ளே போனவர் மேல் தப்பா?

கோட்டை உவமையை விட்டுவிடலாம். அது சொல்ல நன்றாக இருப்பதால்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது. 1806 ஜூலை 10 விடிவதற்கு முன்னால் அந்தக் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்து வெள்ளைக்காரர்கள் மேல் வெட்டு விழுந்தபோது எதிரி அகழியைத் தாண்டி வரவில்லை, உள்ளேதான் இருந்தான். அதே அகழிக்குள்தான் திப்புவின் பிள்ளைகளையும் வைத்திருந்தார்கள், விருந்தாளியாக இல்லை. கடன் கொடுக்கிறோம் என்று சொல்லிப் போட்டோவை மார்பிங் செய்து மிரட்டிய செயலிகளில் எத்தனையோ அதிகாரப்பூர்வக் கடையில் காவல் தாண்டி வந்தவை. டிஜிட்டல் அரெஸ்ட் என்று போலீஸ் சட்டை போட்டுக்கொண்டு வீடியோ காலில் வருகிறவனுக்கு ஐபோனும் ஒன்றுதான், ஐந்தாயிரம் ரூபாய் போனும் ஒன்றுதான். ஸ்ரீபெரும்புதூர்ப் பெருமையைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். வாலாஜா, ஆற்காடு பக்கத்திலிருந்து கம்பெனி பஸ் பிடித்துப் போகிற பெண்பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது, நல்லது. செய்வது இங்கே என்பதால் திறக்கிற உரிமை இங்கே வந்துவிடாது.

இதைச் சொல்லும்போதுதான் சித்தப்பா நினைவுக்கு வருகிறார். உண்மையில் உங்கள் கடிதத்துக்கு முன்னாலேயே இரண்டு வாரமாக அவர் நினைவுதான்.

குடியாத்தத்தில் அவருக்கு ரேடியோ ரிப்பேர்க் கடை இருந்தது. கடை என்றால் ஒரு திண்ணையும் ஒரு மேஜையும். படிப்பு எட்டாவது. எழுபதுகளின் நடுவில் பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் கிடப்பேன், ஈயமும் குங்கிலியமும் சேர்ந்து புகைகிற அந்த வாசனைக்காகவே. வைகாசி பிறந்தால் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அதற்கு ஒரு மாதம் முன்னாலிருந்தே மைக் செட்டுக்காரர்களின் ஆம்பிளிபயர்கள் வந்து குவியும், வீட்டு ரேடியோக்கள் எல்லாம் ஓரத்தில் காத்திருக்கும்.

அந்தக் காலத்து வால்வு ரேடியோவைப் பார்த்திருக்கிறீர்களா? முதுகில் ஓட்டை ஓட்டையாக ஒரு அட்டைப் பலகை, நாலு திருகு. கழற்றினால் உள்ளே எந்த வால்வு எந்த இடத்தில் என்று படம் போட்ட தாள் ஒட்டியிருக்கும். ஈசிஎச் 81, ஈபிஎஃப் 89, ஈஎல் 84, ஈஇசட் 80. சித்தப்பாவுக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் இந்த நாலு பெயரையும் சொந்தக்காரர்கள் பெயர் மாதிரி சொல்வார், "எம்பத்தி நாலு சூடாவுது, எம்பது போயிடுச்சி" என்று. பலகையின் வெளிப்பக்கம் ஒரு எச்சரிக்கையும் அச்சடித்திருந்தது. திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிடு என்பது அதன் பொருள் என்று வாத்தியார் ஒருவர் படித்துச் சொன்னார். கவனியுங்கள், திறக்காதே என்று அது சொல்லவில்லை. இவன் திறக்கத்தான் போகிறான், இவன் பெட்டி, திறக்கும்போது செத்துவிடக் கூடாது என்று மட்டும் கவலைப்பட்டிருக்கிறான் அந்தக் கம்பெனிக்காரன்.

அந்தக் கவலையிலும் அர்த்தம் இருந்தது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் கரண்ட் நிற்கும். ஒரு தடவை சித்தப்பாவைத் தூக்கித் திண்ணைக்குக் கீழே போட்டது, எழுந்து வந்து டீ குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். டயல் முள்ளை இழுக்கிற நூல் அறுந்துபோனால் கம்பெனி நூலுக்கு எங்கே போவது? பக்கத்துத் தறி வீட்டில் நூல் வாங்கி முறுக்கி, மெழுகு தேய்த்துப் போடுவார். லுங்கி நெய்கிற நூலில்தான் எங்கள் தெருவுக்கு இலங்கை வானொலி வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் பழைய காலத்தைப் புகழ்கிறேன் என்பீர்கள். அதே ஊரில் இன்னொரு மெக்கானிக் இருந்தார். நல்ல வால்வைக் கழற்றி வைத்துக்கொண்டு தேய்ந்ததைப் போட்டு அனுப்பிவிடுவார். திறக்க முடிகிற பெட்டியில் திருடவும் முடியும், இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். அதற்காக எந்தக் கம்பெனியும் முதுகுப் பலகையை ஆணி அடித்து மூடவில்லை. ஊரில் பேச்சு பரவியது, ஜனங்கள் கடையை மாற்றிக்கொண்டார்கள். பரவ ஒரு வருஷம் ஆனது என்பது வேறு விஷயம், அதற்குள் பத்துப் பதினைந்து பேர் ஏமாந்திருப்பார்கள். என் தாத்தாவும் அதில் ஒருவர், சித்தப்பா கடை இருக்கும்போது அங்கே ஏன் போனார் என்பது குடும்பச் சண்டை, அது இங்கே வேண்டாம்.

ரேடியோவுக்கு அப்போது லைசென்ஸ் உண்டு தெரியுமா? வருஷா வருஷம் தபால் ஆபீசில் பணம் கட்ட வேண்டும். எண்பதுகளில்தான் அது போனது. வீட்டில் ரேடியோ கேட்க அரசாங்கத்திடம் அனுமதி, ஆனால் ரேடியோவைத் திறக்க யாரிடமும் அனுமதி வேண்டாம். இப்போது நேர் எதிர். போன் வைத்திருக்க லைசென்ஸ் கேட்பவர் யாரும் இல்லை, அதைத் திறக்கத்தான் கேட்க வேண்டும். ஐபோன் விஷயத்தில் இது ஊரறிந்த கதை. 2008இல் ஆப் ஸ்டோர் திறந்த நாள் முதல் செயலி ஏற அந்த ஒரே வாசல்தான், உள்ளே விற்றால் வாசல்காரனுக்கு 30 சதவீதம். சின்ன வியாபாரிகளுக்கு 15 என்று இறங்கியதே 2021இல்தான். ஐரோப்பாவில் சட்டம் போட்டு நெருக்கிய பிறகு 2024 மார்ச்சில் முதலில் அங்கே மட்டும் வேறு கடைகளுக்கும் வழிவிட்டார்கள். இன்னொரு ஐபோனிலிருந்து கழற்றிய அசல் பேட்டரியைப் போட்டால்கூட இது அசல்தானா தெரியவில்லை என்று பல வருஷம் திரையில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தது அந்தப் போன். சித்தப்பா இருந்திருந்தால் அதைத் திண்ணையிலிருந்து தெருவில் எறிந்திருப்பார்.

ஆனால் நீங்கள் திறந்தது என்று சொல்கிற ஆண்ட்ராய்டும் அப்படி ஒன்றும் திறந்து கிடக்கவில்லை. மூலநிரல் இலவசம், யாரும் எடுக்கலாம். அதை வைத்துப் போன் செய்கிறவனுக்கு பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுளின் மற்ற செயலிகளையும் மூட்டையாகச் சுமக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அதற்குத்தான் 2022 அக்டோபரில் நம் போட்டி ஆணையம் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 2025 ஆகஸ்டில் கூகுள் இன்னொரு அறிவிப்பு விட்டது. வெளியிலிருந்து நிறுவும் செயலியாக இருந்தாலும் அதை எழுதியவர் தன்னிடம் அடையாளம் காட்டிப் பதிவு செய்திருக்க வேண்டும், 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, அப்புறம் மற்ற நாடுகள். எதிர்ப்புக் கிளம்பியதும், விவரம் தெரிந்தவர்களுக்கு ஒரு தனி வழி வைப்போம் என்றார்கள். சொன்ன காரணம் என்ன? மோசடியில் ஏமாறும் ஜனங்களைக் காப்பாற்ற. அதாவது உங்கள் அம்மா. உலகத்தில் இனி எந்தப் பூட்டு விழுந்தாலும் உங்கள் அம்மா பெயரில்தான் விழும், சாவி மட்டும் அவர் முந்தானையில் இருக்காது.

எனக்கு ஒரு வரி நிரல் எழுதத் தெரியாது. பிறகு உனக்கு எதற்கையா திறந்த பெட்டி என்று கேட்பீர்கள். நான் ரேடியோவையும் திறந்ததில்லையே. தெருவில் ஒருத்தர் திறந்தார், நாங்கள் எல்லாரும் கேட்டோம். 2010 வாக்கில் நான் வாங்கிய முதல் ஆண்ட்ராய்டில் தமிழ் முழுக்கக் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. காட்பாடியில் ஒரு நெட் சென்டர்ப் பையன் ஓபரா மினியைப் போட்டு, அதன் உள் அமைப்பில் எங்கோ போய் எழுத்துகளைப் படமாக வரவழைக்கிற ஒரு வசதியை மாற்றிவிட்டான். தமிழ் வந்தது. அப்புறம் போனை ரூட் செய்து, அதாவது கம்பெனி போட்ட பூட்டை உடைத்து, தமிழ் எழுத்துருவையே உள்ளே ஏற்றினான், கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நின்றது, ஆனாலும் படித்தேன். ஆப்பிள் அதற்குச் சில வருஷம் முன்னாலேயே தன் கம்ப்யூட்டரில் இணைமதி எழுத்துருவோடு ஒழுங்கான தமிழைக் கொடுத்துவிட்டது, அதை மறுக்கவில்லை. அவர்கள் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டோம். காட்பாடிப் பையன் கொடுத்தது கோணல்மாணல் தமிழ்தான், ஆனால் அவன் யாரிடமும் கேட்கவில்லை. இந்த வித்தியாசத்தை உங்களுக்குப் புரியவைக்கத்தான் இவ்வளவு வளர்த்துகிறேன்.

போன வருஷம் என் போன் பேட்டரி உப்பிவிட்டது. காந்தி ரோடு பக்கம் ஒரு சின்னக் கடை. பையன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். திருகே இல்லை, முழுக்கப் பசை. "தொறக்கலாம் சார், கண்ணாடி ஒடஞ்சா நான் பொறுப்பில்ல" என்றான். ஹேர் டிரையர் மாதிரி ஒன்றை வைத்துச் சூடு காட்டி, கிடார் வாசிக்கிற பிளாஸ்டிக் துண்டை ஓரத்தில் சொருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு திறந்தான். உடையவில்லை. உள்ளே பார்த்தேன், எந்த இடத்தில் என்ன என்று சொல்ல ஒரு தாளும் இல்லை. அவன் யூட்யூபில் இந்திக்காரன் ஒருவன் பேசுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் கழற்றினான். இந்தி தெரியுமா என்றேன். "தெரியாது சார், கையப் பார்ப்பேன்" என்றான்.

உங்கள் கேள்வியை மறந்தே போனேன். ஐபோன் வாங்கலாம், பாதகமில்லை. அப்டேட் ஐந்தாறு வருஷம் ஒழுங்காக வரும், மலிவு ஆண்ட்ராய்டில் அது பெரும்பாலும் இரண்டு வருஷத்தில் நின்றுவிடுகிறது, அந்த வகையில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் இஎம்ஐயில் வேண்டாம். 42,000 போன பிறகு அதைவிட அதிகமாக ஒரு கடனைத் தலையில் ஏற்றிக்கொண்டு அம்மாவுக்காக என்று சொல்லாதீர்கள், அவர் அதையும் தன் தப்பு என்றே நினைப்பார். இந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போங்கள். போனில் மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள். தெரியாத செயலி நிறுவும் அனுமதி வாட்ஸப்பிடம் இன்னும் இருக்கிறதா என்று பார்த்து, நீங்களே அணைத்துவிடாமல், அவர் கையாலேயே அணைக்க வையுங்கள்.

அப்படியே ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். அந்தப் பத்திரிகை யார் வீட்டுக் கல்யாணம் என்று நினைத்துத் திறந்தாராம்?