‘ரைவல்’ என்னும் ஆங்கிலச் சொல்: கேள்வி பதில்

மன்னார்குடி ஆசிரியர்: போட்டியாளரைக் குறிக்கும் ‘ரைவல்’ என்ற சொல் வாய்க்காலிலிருந்து பிறந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். இலத்தீனில் ‘ரீவுஸ்’ என்றால் ஓடை, வாய்க்கால். அதிலிருந்து வந்த ‘ரீவாலிஸ்’ ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சிக்கொள்ளும் நிலத்தாரைக் குறித்தது. ரோமச் சட்ட அறிஞர் உல்பியன், நீர் வழக்குகளைப் பற்றிக் கூறுமிடத்தில் இச்சொல்லுக்கு இதே விளக்கத்தைத் தருகிறார். தலைமடைக்காரர் குறுக்கே மண்ணை வெட்டிப் போட்டு மறித்துக்கொள்ள, கடைமடையில் நடவு நட்ட வயல் வெடித்துக் கிடப்பதைப் பார்த்து நின்றவருக்கு, அது எப்படி எதிராளியைக் குறிக்கலாயிற்று என்று தனியே விளக்க வேண்டியதில்லை. இலத்தீன் நாடகங்களிலேயே ஒரு பெண்ணை விரும்பும் இருவருக்கு அச்சொல் வந்துவிட்டது.

கும்பகோணம் மாணவி: ‘ரிவர்’ என்பதற்கும் அதே வேரா?

இல்லை; ஓசை ஒத்திருப்பதால் பலரும் அவ்வாறு எண்ணுகின்றனர். ‘ரிவர்’ என்பதன் மூலம் ‘ரீபா’, அதாவது கரை. ‘அரைவ்’ என்பதும் கரை சேர்வதுதான். ஆனால் ‘டிரைவ்’ (வண்டி ஓட்டுவதன்று, ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெறுவது) ரீவுஸ் வழிவந்தது: ஓடையிலிருந்து நீரைப் பிரித்துக் கொண்டுபோதல் என்பதே அதன் பழம்பொருள். கல்லணையில் வெண்ணாறு பிரியுமிடத்தைப் பார்த்தவர்களுக்கு அப்பொருள் எளிதில் பிடிபடும்.

திருத்துறைப்பூண்டி விவசாயி: ஒரே வாய்க்கால்காரர் என்றால் கூட்டாளியும்தானே?

நல்ல கேள்வி. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில், இரவுக் காவலில் தன்னோடு நிற்கும் துணைவர்களையே ஒரு காவலன் இச்சொல்லால் குறிக்கிறான். ஆங்கிலத்தில் அப்பொருள் பின்னர் வழக்கொழிந்தது. நம்மிடம் ‘பங்காளி’ கூட்டு, போட்டி இரண்டையும் இன்றும் சுமக்கிறது. பங்குக்கு உரியவர் என்பதே நேர்ப்பொருளாயினும், ‘பங்காளிக் காய்ச்சல்’ என்றால் யாரும் உறவை நினைப்பதில்லை. என் கருத்தில் ரீவாலிஸுக்கு இதைவிட நெருங்கிய தமிழ்ச்சொல் இல்லை.

நாகப்பட்டினம் மாணவர்: தேர்வில் ‘எதிரி’ என்று மொழிபெயர்க்கலாமா?

வேண்டாம். எதிரிக்கு ‘எனிமி’ இருக்கிறது. அது ‘நண்பரல்லாதவர்’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எதிரிக்கு நம் அழிவே போதும். ரைவலாக நிற்பவருக்கோ நாம் அடைய விரும்புவதே வேண்டும். ‘போட்டியாளர்’ என்றே எழுதுங்கள்.