எல்லை தாண்டும் தொழில்: சுங்கை சிப்புட் வாசகர் கேள்விகள்

கேள்வி: தோட்டத்து வீட்டில் முறுக்கு சுட்டு விற்கிறேன். எஸ்எஸ்எம் என்ற மலேசிய நிறுவன ஆணையத்தில் எண்டர்பிரைஸ் (தனியாள் தொழில்) பதிவு இருக்கிறது. தீபாவளிக்குச் சிங்கப்பூர் கடைகள் ஆர்டர் கேட்கின்றன. அங்கே கம்பெனி திறக்கணுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம், அம்மா. சிங்கப்பூருக்குள் முறுக்கு போன்ற உணவுப் பொருளை இறக்குபவர் அங்கே தொழில் பதிவு பெற்றவராக, உணவு முகவையிலும் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். அப்படி ஒருவரிடம் விற்றுவிடுங்கள். எனக்குக் கவலை உங்கள் எண்டர்பிரைஸைப் பற்றித்தான். அதில் நீங்கள் வேறு, தொழில் வேறு இல்லை. வழக்கு வந்தால் உங்கள் வீடு, நகை வரை கை வைப்பார்கள். ஆர்டர் பெருகும் முன் அதைச் சென்டிரியான் பெர்ஹாட், அதாவது உங்களிடமிருந்து தனித்து நிற்கும் தனியார் கம்பெனி, ஆக்குங்கள். 2016 நிறுவனச் சட்டப்படி ஒருவரே பங்குதாரராகவும் இயக்குநராகவும் இருக்கலாம். ஆனால் கம்பெனியின் சட்டத் தாள்களைக் கவனிக்கும் செயலாளருக்கான செலவு ஆண்டுதோறும் வரும்.

கேள்வி: லோரி பழுது பார்க்கும் சென்டிரியான் பெர்ஹாட் எங்களுடையது. சிங்கப்பூரில் கிளை திறப்பதா, தனிக் கம்பெனியா?

பதில்: தனிக் கம்பெனிதான். கிளை பட்ட கடன் நேராக இங்குள்ள உங்கள் கம்பெனி தலையில் விழும். பிரைவேட் லிமிடெட்டுக்கு 1 சிங்கப்பூர் வெள்ளி மூலதனம் போதும். ஆனால் அங்கே வசிக்கும் இயக்குநர் ஒருவராவது கட்டாயம். 6 மாதத்துக்குள் செயலாளரையும் நியமிக்க வேண்டும். கட்டணத்துக்கு இயக்குநராக வருபவரிடம் வங்கிக் கையெழுத்து உரிமையைக் கொடுக்காதீர்கள். அப்புறம், கடன் தரும் வங்கியும் பட்டறை வாடகைக்கு விடுபவரும் கம்பெனி கட்டாவிட்டால் நானே கட்டுகிறேன் என்னும் சொந்தப் பொறுப்புப் பத்திரம் ஒன்றை நீட்டுவார்கள். மற்ற தாள்களோடு சேர்ந்து வரும்; அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவோம். போட்டால் அந்தக் கடனுக்கு லிமிடெட் உங்களைக் காப்பாற்றாது. தொகைக்கு உச்சவரம்பு எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: ஹாட்யாயில் சாப்பாட்டுக் கடை. பணம் முழுக்க என்னுடையது. 51 விழுக்காட்டைத் தாய்லாந்து நண்பர் பெயரில் எழுதலாமா?

பதில்: கூடவே கூடாது. அங்குள்ள 1999 வெளிநாட்டினர் தொழில் சட்டப்படி பினாமி குற்றம். உங்களுக்கும் நண்பருக்கும் 3 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். நட்பு முறிந்தால், பணம் என்னுடையது என்று நீதிமன்றத்தில் நீங்கள் வாய் திறப்பதே குற்றத்தை ஒப்புக்கொள்வதாகிவிடும். அவர் உண்மையிலேயே பணம் போட்டுப் பங்காளியாக வந்தால் சரி. அப்போது கடையில் அவர் கைதான் ஓங்கும். அதற்கும் மனம் இருக்க வேண்டும்.

கேள்வி: செம்பனைக் குலை வெட்டும் அரிவாளைச் சுமத்ராவில் விற்கக் கம்பெனி வேண்டுமா?

பதில்: இந்தோனேசியாவில் வெளிநாட்டவர் கம்பெனி என்றால், நிலம், கட்டடம் சேர்க்காமலே 1000 கோடி ரூப்பியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் கேட்பார்கள். மேடானில் ஒரு விநியோகிப்பாளரைப் பிடியுங்கள். அவருக்கு மட்டுமே விற்க வேண்டும் என்று கேட்டால், ஆண்டுக்கு இத்தனை அரிவாள் எடுத்தே தீர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.